கழிவு போக

ஒப்பந்தம் பதினோரு பக்கம்.
தரகர் சேர்மத்துரை அதைச் சுளகின்மேல் வைத்தார்,
அங்கே பீடித்தூள் கிடப்பதைப் பார்க்காமல்.
கூட வந்த ஜோயல் சாருக்கு
வீட்டிலிருந்த ஒரே நாற்காலி.
ஆவரைவிளை வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை,
கலர் வாங்கிவரப் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பினேன்.

சர்வே எண் முன்னூற்றுப் பதினாலு, உட்பிரிவு இரண்டு பி.
இரண்டு ஏக்கர் முப்பத்தொரு சென்ட்.
மேலே ஒரு சாண் செம்மண்,
அதில் உடைமரம், ஆடு தின்று மீந்த கொழுஞ்சி.
கீழே வெள்ளைக்கல்.
"சிமெண்டுக்கு ஆவும்மா. உங்களுக்குச் சும்மாதான கெடக்கு?"

சும்மாதான் கிடக்கிறது.
அப்பா கடலை போட்டு மூன்று முறை தோற்ற இடம்.
அதை என் பேருக்கு எழுதிவிட்டுப் போனார்.
தம்பி இன்னும் பேசுவதில்லை.

டன்னுக்கு இவ்வளவு. முன்பணம் இவ்வளவு. இருபது வருஷம்.
முன்பணத்தை மட்டும் சேர்மத்துரை இரண்டு தரம் சொன்னார்,
காது மந்தமானவளிடம் சொல்வதுபோல.
"ராதாபுரத்துல பத்திரம். நாளைக்கே காரு வரும்."

நான் வாசித்தேன், மெதுவாகத்தான்.
கலர் தீர்ந்தது. கரண்ட் போய் வந்தது.
முதல் பக்கத்தில்
மு. முப்பிடாதி, தொழில்: இல்லை என்றிருந்தது.
நான்காம் பக்கத்தில்
'கழிவு போக நிகர எடைக்கு.'

கழிவு.
இருபத்தாறு வருஷம் இந்தச் சொல்லோடு குடித்தனம்.
ஆயிரம் சுற்றிக் கொண்டுபோனால்
கடைக்காரர் கட்டைப் பிரித்து விரலால் உருட்டுவார்,
இது தொளதொளப்பு, இது ஓட்டை இலை,
இது என்னவோ பிடிக்கவில்லை,
நூறு கழிவு.
கழித்ததை உடைத்துப் போட்டு நான் கண்டதில்லை.
அதே லேபிள் ஒட்டிக்கொண்டு
அவையும் வண்டி ஏறின.
நமக்கு இலை நிறுக்கும்போது மட்டும்
ஈரத்தோடு நிறுப்பார்கள்.

"கழிவு எவ்வளவுன்னு யாரு சொல்லுதது சார்?"
"குவாரி மேனேஜர்தாம்மா."
"கழிச்ச கல்லு எங்க போவும்?"
ஜோயல் சார் சேர்மத்துரையைப் பார்த்தார்.
சேர்மத்துரை கூரையைப் பார்த்தார்.
"ரோட்டு வேலைக்கு எடுப்பாவ."
"சும்மாவா?"

"எடை போடுத எடத்துல எங்காளு ஒண்ணு நிக்கும்.
சீட்டு ரெண்டு, ஒண்ணு எனக்கு.
கல்லாப் போனாலும் தூளாப் போனாலும்
டன்னு டன்னுதான்."
அவர் யாருக்கோ போன் போட்டார், வேப்பமரத்தடிக்குப் போய்.
திரும்பி வந்து பேனா எடுத்து
இரண்டு சொல்லை அடித்தார்.
சுளகுக்கு அடியில் என் கை நடுங்கியது.
அடித்த கோடு நேராக இல்லை. இருக்கட்டும்.

ஏழாம் பக்கத்தில்தான் நின்றது:
'தேவைப்படும் ஆழம் வரை.'
"எத்தன அடி?"
"அது கல்லப் பொறுத்தது. இத மாத்துனா
ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்கிட மாட்டாங்க."
வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்கள்.
காகிதத்தை விட்டுவிட்டு.

சாயங்காலம் பீடி நூலை நாலாய் முறுக்கி
நுனியில் பூட்டைக் கட்டி
கிழக்கு மூலைக் கிணற்றில் இறக்கினேன்.
ஐந்து வீடு குடிக்கிற தண்ணீர்.
"என்னத்தப் போட்ட முப்பிடாதி?" என்றாள்
வாளியோடு வந்த பிரமு.
நூல் தொய்ந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன்.
முழம் போட்டால் முப்பத்தேழு.

ஏழாம் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்:
முப்பது முழம். அதற்குமேல் இல்லை.
ஏழு, கழிவு.
முதல் பக்கத்திலும் ஒரு திருத்தம்,
தொழில்: பீடி.

வியாழக்கிழமை பேனா எடுக்கிறாரா பார்ப்போம்.
கலர் வாங்குவதாக இல்லை.